பானட்டுக்கு ஃபிலிம் ஒட்டிடுங்க

ஏங்க,

உப்புமா மூடி வெச்சிருக்கேன். கார் சாவி டிவி மேல இருக்கு, நான் தொடலை.

பத்து மணிக்குக் கார் கடைக்காரரு வருவாரு. கல்லு தெறிச்சு பெயிண்ட்டு போகாம இருக்க ஃபிலிம் ஒட்டலாமா வேணாமான்னு என்னைக் கேட்டுகினே இருந்தீங்களே, ஒட்டச் சொல்லிடுங்க.

அன்னிக்கு மழை வர்ற மாதிரி இருக்குன்னு அச்சரப்பாக்கம் போறதுக்குக் காரைக் கேட்டேன். "ஜல்லி லாரிங்க போற ரோட்டுல புது வண்டிய எட்த்துகினு போவியா? ஸ்கூட்டில போ"ன்னீங்க. போனேன். லாரியிலேர்ந்து தெறிச்ச கல்லு பானட்டுக்குப் பதிலா என் புருவத்துல பட்டுது.

துப்பட்டாவால அழுத்திப் புடிச்சுகினு வூடு வந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கெளம்பாம நீங்க பெட்ஷீட்டைத் தேடுனீங்க. சீட்டு மேல ஷோரூம்காரங்க போட்ட பிளாஸ்டிக்கையே நீங்க இன்னும் பிரிக்கலை. அதுக்கும் மேல பெட்ஷீட்டை விரிச்சப்பறம்தான் என்னை உக்கார வெச்சீங்க.

இன்னிக்குத் தையல் பிரிக்கணும். தூங்குறீங்கன்னு எழுப்பலை. ஷேர் ஆட்டோவுல போய்க்கிறேன்.

ஹெலன்

சொல்ல மறந்துட்டேன். அந்த பெட்ஷீட்டைத் தொவைச்சுப் பாத்தேன், கறை போகலை. சீட்டையும் போய்ப் பாத்தேன். ஒரு சொட்டுகூடப் படலை, நிம்மதியா சாப்புடுங்க.