சாக்கு சுற்றிய பெட்டி

பதிவு 211. 12 செப்டம்பர் 2084, 09:00
தென்துருவக் கிளை நிலையம். வெளியே பனிப்புயல், −43 பாகை. புகைபோக்கி பனியால் அடைபட்டுவிட்டதால், டீசல் எஞ்சினின் புகை வினையூக்கிப் பெட்டியின் வழியே அறைக்குள்ளேயே திருப்பப்படுகிறது. அறுபத்தைந்து பாகையிலேயே கார்பன் மோனாக்சைடை முறிக்கும் இப்பெட்டி என் பதினெட்டு ஆண்டு உழைப்பு. பெட்டியின் வெப்பம் 72. அறைக்காற்றில் நச்சு, பத்து லட்சத்தில் 4 பங்கு. யாவும் ஒழுங்கு.

பதிவு 212. 10:15
ஓர் ஒழுங்கீனம். மெக்கானிக் பொங்கியண்ணன், நேற்று மற்ற இருவருடன் எரிபொருள் கிடங்குக்குப் புறப்படுமுன், என் பெட்டியைக் கோணிச் சாக்கால் சுற்றிக் கயிற்றால் கட்டியிருக்கிறார். நாமக்கல் லாரிப் பட்டறையில் கற்ற நாகரிகம். விதி 14: வெப்பக் கருவிகளின் மீது எரியும் பொருள் கூடாது. சாக்கையும் கயிற்றையும் அவிழ்த்து எரிகலனில் இட்டு அழித்தேன். அவர் பெயரில் மீறல் அறிக்கையும் எழுதியாயிற்று.

பதிவு 213. 11:40
பெட்டி 61. நச்சு 90. உணர்கருவி பழுது, மலிவான கொள்முதல். விதிப்படி வானொலியில் கிடங்குக்கு அளவுகளைத் தெரிவித்தேன். பொங்கியண்ணனிடமிருந்து வந்த மறுமொழி:
“ஏனுங்க சார், சாக்கை அவுத்துட்டீங்களா? அது அழகுக்குக் கட்டலீங்க. பெட்டி குளுந்துட்டா உள்ள தண்ணி கோத்துக்கும், வேலை செய்யாதுங்க. உங்க கம்பளிய எடுத்துச் சுத்துங்க.”
பத்தாம் வகுப்பைத் தாண்டாதவரிடம் வினையூக்கவியல் பாடம் கேட்கும் நிலையில் நான் இல்லை. கம்பளியும் எரியும் பொருளே.

பதிவு 214. 13:05
பெட்டி 48. நச்சு 410. மாற்றுக் கருவியும் அதையே காட்டுகிறது. தலைவலி. பெட்டியின் வடிகுழாயில் நீர் சொட்டுகிறது. ஆய்வகத்தில் இவ்வாறு நேர்ந்ததில்லை. ஆய்வகத்தில் பனியும் இல்லை. எஞ்சினை நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் உறைந்துபோவேன். கிடங்கிலிருந்து அவர்கள் வந்துசேர ஐந்து மணி நேரம். வானொலியில் மீண்டும் பொங்கியண்ணன்:
“சார், கௌரவம் பாக்கற நேரமாங்க இது? விதி 14 எங்கயும் ஓடிப்போவாதுங்க. சுத்துங்க சார்!”
இந்தத் தொனியையும் அறிக்கையில் சேர்ப்பேன்.

பதிவு 215. 14:20
நச்சு 900. கம்பளியைச் சுற்றினேன். கட்டக் கயிறு இல்லை, எரித்தவன் நான். இடைவாரால் கட்ட முயன்றேன். விரல்கள் கேட்கவில்லை. மேல்கோட்டையும் போர்த்தி, சாய்ந்து பிடித்திருக்கிறேன். பெட்டி 50. 52.

பதிவு 216.
நேரம் தெரியவில்லை. 58.
கண்டெடுப்பவருக்கு: பெட்டியின் மேல் உள்ளதை அவிழ்க்க வேண்டாம். பொங்கியண்ணன் சொல்லும்வரை.
61.
மீறல் அறிக்கை, விதி 14. பழைய பெயரை அடித்துவிட்டேன். மீறியவர்: முனைவர் தெய்வசகா—