மருமகனின் டாக்சி

சேசு மரி சூசை துணை

சிங்கப்பூர்
4.6.1974

அன்புள்ள பிளாரன்சுக்கு,

நலமாய் வந்து இறங்கினேன். துறைமுக வாசலில் செல்லப்பாண்டி தன் டாக்சியோடு நின்றான். நம்மைக் கேட்காமல், கோயிலுக்கும் வராமல், ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு நம் மகள் பேபியைக் கட்டியவன். அவன் வண்டியில் நான் ஏறுவதா? பெட்டி கனம் என்பதால் அதை மட்டும் அவன் வண்டியில் ஏற்றிவிட்டு நான் வேறு டாக்சி பிடித்தேன்.

ஓட்டியவர் சீனர். விலாசச் சீட்டைக் காட்டினேன். இந்த ஊர் டாக்சியில் மீட்டர் இருக்கிறது. வண்டி சிக்னலில் நின்றாலும் அது நிற்பதில்லை. டக் டக்கென்று எண் மாற மாற நான் ஜெபமாலையை எடுத்துவிட்டேன். பாதி வழியில் பயந்து இறங்கி, மீதியை நடந்தேன். என் பெட்டி எனக்கு வெகு நேரம் முன்பே பேபி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மனுவேல்

தூத்துக்குடி
15.6.1974

அன்புள்ள பேபி அப்பாவுக்கு,

கடிதம் கண்டேன். மீட்டரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். பேரனைப் பற்றி ஒரு வரி இல்லை. யார் ஜாடை? நன்றாகப் பால் குடிக்கிறானா?

மருமகன் டாக்சியில் ஏறினால் என்ன குறைந்துவிடும்? கோபித்துக்கொண்டு நடப்பதற்கு அது நம் தெரு அல்ல. நான் கொடுத்தனுப்பிய கருவாட்டையாவது அவர் கையில் கொடுத்தீர்களா?

பிளாரன்ஸ்

சிங்கப்பூர்
28.6.1974

அன்புள்ள பிளாரன்சுக்கு,

பிள்ளை என் அப்பா ஜாடை. நன்றாகக் கத்துகிறான்.

தினமும் பூசைக்கு பஸ்ஸில்தான் போகிறேன். செவ்வாய்க்கிழமை நம்பர் மாறி ஏறிவிட்டேன். கொழும்புக்குத் தோணி ஓட்டியவன், இறங்கிய இடத்தில் திசை தெரியாமல் நின்றேன். திரும்பிப் பார்த்தால் செல்லப்பாண்டியின் டாக்சி. நான் பஸ் ஏறத் தொடங்கிய நாளிலிருந்தே பின்னால் வந்துகொண்டிருக்கிறானாம்.

“ஏலே, எதுக்கு என் பொறத்தால வாரே?” என்றேன்.

“நீங்க தொலைஞ்சு போனா பேபி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா, மாமா.”

பின் சீட்டில் ஏறி, மீட்டரைப் போடச் சொன்னேன். போட்டான். வாசலில் இறங்கிக் காசை நீட்டினேன். வேண்டாம் மாமா என்று சொல்லியிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். வாங்கி எண்ணிப் பார்த்து மீதிச் சில்லறையைத் திருப்பித் தந்தான். எனக்குப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் முன் சீட்டில் உட்கார்ந்தேன். பிள்ளைக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அவனாகவே கேட்டான். அதை எப்படிக் கேட்பது என்று நான் இத்தனை நாளும் முழித்துக்கொண்டிருந்தேன். பேச்சு முடியாததால் துறைமுகத்தை இரண்டு தரம் சுற்றினோம்.

கருவாடு கொடுத்தாயிற்று. பாதியை நான்தான் தின்றேன்.

மனுவேல்

தூத்துக்குடி
9.7.1974

அன்புள்ள பேபி அப்பாவுக்கு,

உங்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று நான் கல்யாணமான நாளிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். மருமகனுக்கு ஒரே சவாரியில் பிடிபட்டுவிட்டது.

இன்னொரு சேதி. போன வாரம் நான் ஆழ்வார்திருநகரிக்கு பஸ் ஏறிப் போய், மருமகனின் அம்மா சண்முகத்தாயைப் பார்த்தேன். “அண்ணாச்சி கோவத்துக்குப் பயந்துதான் மதினி நாங்க வரல” என்றார்கள். எனக்கும் அதே பயம்தான் என்றேன். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். ஒரு குலை வாழைப்பழம் கொடுத்தனுப்பினார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். சீலா மீனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். ஆகவே வேண்டாம் என்று எழுதி ஸ்டாம்பை வீணாக்காதீர்கள்.

பிளாரன்ஸ்