நாலாவது அடி

பாப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. அம்மா போனதிலிருந்து மூடியே கிடக்கும் தையல் மெஷினை எடுத்துப்போக நாலு மணிக்கு ஆள் வருவார். கூட நிற்க எனக்குத் தைரியம் இல்லை, கிளம்பிவிட்டேன்.

நேற்று நீ, "டிரம்ஸ் மாஸ்டர் என் தாளத்தைத் திருத்திட்டாருப்பா, இனிமே அது வராது" என்று அழுதாய். திருந்தினால் நல்லதுதானே என்று கத்திவிட்டேன்.

காலையில் மெஷினைத் துடைத்து, கடைசியாக ஒரு தடவை மிதித்துப் பார்த்தேன். சீராக ஓடியது. முட்டிவலியில் ஒவ்வொரு நாலாவது மிதிக்கும் அம்மாவின் கால் கொஞ்சம் தயங்குமே, அது இல்லை. அப்போதுதான் உறைத்தது. நீயாக டிரம்ஸ் பழகியபோது நாலாவது அடியில் உன் கை தயங்கியது, அம்மா மெஷின் மிதிக்கும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வந்தது. அதைத் தப்பென்று சொல்லி உன்னைக் கிளாசில் சேர்த்தது நான்தான்.

மெஷினைக் கொடுத்துவிடு. அதில் அவள் இல்லை.

அப்பா

வீட்டுச் சாவி செருப்பு ஸ்டாண்டில் இருக்கிறது.

இனி கிளாஸ் வேண்டாம். சாயந்தரம் நான் வந்ததும் ஒரே ஒரு தடவை பழையபடி தப்பாக வாசித்துக் காட்டும்மா. கை மறந்துபோயிருந்தால் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.