மண்டோரின் மேல் வெள்ளைப் புள்ளிகள்

அலமாரியின் அடித்தட்டிலிருந்து உங்கள் கறுப்பு டீ-ஷர்ட்டை இன்று மத்தியானம் வெளியே எடுத்தேன். எத்தனை முறை துவைத்தாலும் போகாத அந்தத் தொட்டித் தண்ணீர் வாசமும் மீன்தீனி வாசமும் இன்னும் அதில் இருந்தன. உங்களுடைய மற்ற துணிகளையெல்லாம் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். இதை யாரும் வாங்கமாட்டார்கள் என்று விட்டுவைத்தேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். நைட்டிக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு ஹாலில் வந்து நின்றேன். உங்கள் மண்டோருக்கு உடம்பு சரியில்லைங்க.

கண்ணாடித் தொட்டியில் இருக்கும் அந்த ஆஸ்கார் மீனுக்கு அப்படிப் பேர் வைத்தது நீங்கள்தான். தோட்டத்தில் உங்கள் அப்பாவை வேலை வாங்கிய மண்டோரைப் போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்கிறான் என்பீர்கள். மீனுக்கு ஏதுங்க கை என்று நான் கேட்டால், உனக்கு எதையுமே சரியாகப் பார்க்கத் தெரியாது என்று சலித்துக்கொள்வீர்கள்.

நீங்கள் போன பிறகு அவன் நடையைக் குறைத்துக்கொண்டான். இந்த வாரம் சுத்தமாக நிறுத்திவிட்டான். பின்மூலையில் மரக்கட்டையை ஒட்டி ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தான். மேலிருந்து தீனியைத் தூவினால் அது அவன் முதுகில் பட்டுக் கீழே இறங்கியது, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் வருஷத் திதி இன்னும் வரவில்லை. அதற்குள் இந்த வீட்டிலிருந்து இன்னொரு உயிர் போய்விடுமோ என்ற பயத்தில் எனக்கும் சோறு இறங்கவில்லை. மீன்தானேம்மா என்றாள் ஜேபி டவுனில் இருக்கும் நம் மகள். மீன்தான். ஆனால் உங்கள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் வாசல் பக்கம் திரும்பியது இந்த வீட்டில் நானும் அவனும்தான்.

குளுவாங் டவுன் வளர்ப்புமீன் கடை லிம்முக்குப் போன் போட்டேன். மணிக்கணக்கில் நின்று பேசுவீர்களே, அவருக்குத்தான். நம் ஊர் பாலோவிலிருந்து அவ்வளவு பெரிய மீனை வாளியில் தூக்கிக்கொண்டு வந்தால் வழியிலேயே செத்துவிடும், படம் எடுத்து அனுப்புங்கள் ஆண்ட்டி, பார்த்து மருந்து சொல்கிறேன் என்றார் மலாயில். அது எனக்கு இன்னொரு கவலையாகப் போயிற்று. மண்டோரின் உயிர் நான் எடுக்கும் படத்தை நம்பி இருக்கிறது என்றால் அவன் பாடு என்ன ஆவது?

நீங்கள் படம் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு எப்படி மறக்கும்? கண்ணாடியைத் துடைப்பீர்கள். சன்னலில் போர்வையைத் தொங்கவிடுவீர்கள். காற்றாடியை நிறுத்தி, இந்தக் கறுப்பைப் போட்டுக்கொண்டு, என்னை அடுப்படிக்குத் துரத்துவீர்கள். மீனுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வருகிறதா என்று நான் உள்ளேயிருந்து கேட்பேன். எடுத்த படத்தைக் காலை வணக்கம் என்று எழுதி ஊர் முழுக்க அனுப்பிவைப்பீர்கள். ஒருநாள் என் கையில் போனைக் கொடுத்து, நீதான் எடுத்துப் பாரேன் என்றீர்கள். எடுத்தேன். கண்ணாடியில் தெரிந்த என் நைட்டிப் பூக்கள்தான் பெரிது பெரிதாக விழுந்திருந்தன, மண்டோர் அவற்றுக்கு நடுவில் எங்கோ இருந்தான். நீங்கள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள்: “கண்ணாடிய எடுக்காத புள்ள. மீன எடு.” மேற்கொண்டு என்னென்னவோ விளக்கினீர்கள். எனக்குக் குழம்பு அடுப்பில் இருந்தது, போய்விட்டேன்.

அதனால் நேற்று நான் பட்ட பாடு இருக்கிறதே! முதல் படத்தில் போனின் வெளிச்சம் பளீரென்று அடித்து, தொட்டி முழுக்கப் பால் கொட்டியது போல ஆகிவிட்டது. அதை எப்படி நிறுத்துவது என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அடுத்ததில் நானும் என் மூக்குக்கண்ணாடியும் விழுந்தோம். பிறகு எடுத்ததெல்லாம் கலங்கல். ஒருவழியாக ஒன்றில் மண்டோர் தெரிந்தான். அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் லிம்மின் குரல் வந்தது. உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன, வெள்ளைப்புள்ளி நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. ஆனால் வயதான மீன், மருந்து கடுமை, நோய் அதுவாக இல்லாவிட்டால் மருந்தே முடித்துவிடும். புள்ளிகள் வேறு தோரணம் கட்டியது போல வரிசையாக இருக்கின்றன, இப்படி நான் பார்த்ததில்லை, இன்னொரு படம் வேண்டும் என்றார்.

உன் கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்காதீர்கள். இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. பின்மூலையோ இருட்டு. என் கண்ணைவிடப் போனைத்தான் நம்பினேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்களுக்கும் இப்படித்தானே, முதலில் எக்ஸ்ரே படத்தில் ஏதோ ஒரு புள்ளி என்றார்கள்.

இன்று காலை மறுபடி எடுத்தேன். புள்ளிகள் அப்படியே இருந்தன. ஆனால் இந்தத் தடவை பாதி மண்டோரின் மேலும் மீதி மரக்கட்டையின் மேலும் இருந்தன. கட்டைக்குமா வியாதி வரும் என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

எதிர்ச்சுவரில் நீங்கள். மாலை போட்ட உங்கள் படத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குச்சரம். உங்கள் மீனை நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று தொட்டிக்கு நேர் எதிரில் ஆணி அடிக்கச் சொன்னது நான்தான். அந்த வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, போனில் மண்டோரின் மேல் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கிறது. உங்கள் வெளிச்சத்துக்கு நான் மருந்து ஊற்ற இருந்தேன்.

சிரிப்பு வந்தது, ஆனால் பயம் போகவில்லை. நோய் அதுவல்ல என்றால் வேறு என்ன? அதைத் தெரிந்துகொள்ள நல்ல படம் வேண்டும். நல்ல படத்துக்கு உங்கள் விளக்கை அணைக்க வேண்டும். கருமாதியன்று உங்கள் தங்கை அதை ஏற்றிவைத்துவிட்டு, வருஷம் திரும்புகிற வரைக்கும் அணையக்கூடாது அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனாள். கரண்டு போனால்கூட அகல்விளக்கை ஏற்றிவைத்துவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“சுவிட்ச ஆஃப் பண்ணுங்கம்மா. அஞ்சு நிமிஷம் லா. அப்பா ஒன்னும் நெனச்சுக்க மாட்டாரு.”

அவளுக்கு என்ன, சொல்லிவிட்டாள். விளக்கு எரியட்டும், மூடிவிட்டால் போதும் என்று ஒரு துண்டை எடுத்து உங்கள் படத்தின் மேல் போட்டேன். துணி உங்கள் முகத்தின் மேல் இறங்கியதும் ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் வெள்ளைத்துணியை இழுத்துவிட்டது ஞாபகம் வந்துவிட்டது. உடனே பிடுங்கி எறிந்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுது முடித்தபோதுதான் வழி தெரிந்தது. அடுப்படியில் அகல்விளக்கை ஏற்றினேன். என்னை அங்கே துரத்துவீர்களே, இன்று உங்களை அனுப்பினேன். அதன் பிறகுதான் இந்த டீ-ஷர்ட்டைத் தேடி எடுத்தேன். சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டேன். காற்றாடியை நிறுத்தினேன். கொஞ்ச நேரம்தாங்க என்று சொல்லிவிட்டு, உங்கள் சுவிட்சை அணைத்தேன்.

தொட்டியின் மேல்விளக்கு மட்டும் எரிந்தது. நான் கேட்காமல் எழுந்து போன பாடத்தில் ஏதோ கொஞ்சம் காதில் தங்கியிருக்க வேண்டும். போனைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூலையில் கிடந்த மண்டோர் நிமிர்ந்தான். துடுப்பை அசைத்தான். இந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்ல முன்னால் வந்து, என் நெஞ்சுக்கு நேராக நின்றான். நீங்கள் என்றுதான் வந்தான். அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தான். நான் படத்தை எடுத்தேன்.

தெளிவாக விழுந்தது. கண் தெளிவு, செதில் தெளிவு, ஒரு புள்ளி இல்லை. லிம் பார்த்துவிட்டு, நோய் எதுவும் தெரியவில்லை, வயிறுதான் ஒட்டியிருக்கிறது என்றார். அங்கிள் எப்படித் தீனி கொடுப்பார் என்று கேட்டார். கையாலேயே என்றேன். அப்படியானால் நீங்களும் கையால் கொடுங்கள் என்றார். கடிப்பானோ என்று பயந்துகொண்டே ஒரு இறாலைத் தண்ணீருக்குள் நீட்டினேன். வாங்கினான், துப்பினான். மறுபடி நீட்டினேன். இந்த முறை துப்பவில்லை. இனிப் பிழைத்துக்கொள்வான் என்று லிம் உறுதி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இதை எழுதும்போது மண்டோர் பாதித் தொட்டி வரை நடந்துவிட்டுத் திரும்புகிறான்.

உங்கள் விளக்கை மறுபடி போட்டுவிட்டேன். அகல் தானாக அடங்கும் வரை விட்டுவிட்டேன். போனில் இடமில்லை, கெட்டுப்போன படங்களை அழித்துவிடுங்கம்மா என்கிறாள் மகள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நல்ல படத்தில் மண்டோர் மட்டும்தான் இருக்கிறான். கெட்டுப்போன படங்களில் ஒன்றில் கண்ணாடியில் நீங்கள் விழுந்திருக்கிறீர்கள், விளக்குச்சரத்துக்கு நடுவில், பக்கத்தில் என் நைட்டியோடு நான், நம் இரண்டு பேருக்கும் குறுக்கே மண்டோர். நல்ல படத்தை லிம்முக்குக் கொடுத்துவிட்டேன். இதை நான் அழிக்கவில்லை. மீனை எடுக்கத்தான் சொன்னீர்கள். நான் கண்ணாடியையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.