பின்பக்கப் படிக்கட்டு

ரங்கூன்,
14.7.2008

அன்புள்ள பர்கத்துல்லா காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் சுகத்துக்கும் மைனியின் முழங்கால் குணமாகவும் துஆ செய்கிறேன்.

புயலில் பறந்த கூரைக்குப் புதிய தகரம் போட்டுவிட்டோம். வாப்பா ஆரம்பித்த பள்ளிக்கூடம் மறுபடியும் நடக்கிறது. டாலாவிலிருந்து படகேறி வரும் பிள்ளைகள்கூட வந்துவிட்டார்கள்.

ஒரு நல்ல செய்தி. மக்களே நடத்தும் பள்ளிகளின் பாதுகாப்புக்கு அரசாங்கம் பணம் தருகிறது. கல்வி அலுவலகத்திலிருந்து ஊ தெய்ன் என்ற அதிகாரி வந்து பார்த்தார். மாடியில் வகுப்புகள், இறங்குவதற்கு ஒரே மரப்படி, கீழே மைனியின் தம்பி அமீர் அலியின் பெயிண்ட் கடை. மனிதர் டர்பன்டைன் டின்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பின்பக்கம் இரும்புப் படிக்கட்டு வைக்க முழுப் பணமும் தருவார்களாம். கட்டடம் உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டும். அவர்கள் ஆள் ஒருவர் நம் நிர்வாகக் குழுவில் இருப்பார், அவ்வளவுதான். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சுணங்காமல் அனுப்புங்கள்.

உங்கள் தங்கை,
ஃபக்ருன்னிசா


கீழக்கரை,
20.8.2008

அன்புத் தங்கச்சி ஃபக்ருன்னிசாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் அவசரம் நான் அறியாததா?

அறுபத்தைந்தில் வாப்பாவின் முதல் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நீ கைக்குழந்தை. நான் வாசலில் நின்று பார்த்தேன். அன்றைக்கும் பிள்ளைகளின் நன்மைக்கு என்றுதான் சொன்னார்கள். வாப்பா அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முதலில் குழுவில் ஒரு நாற்காலி கேட்பார்கள், பிறகு சாவியைக் கேட்பார்கள். கையெழுத்துப் போடமாட்டேன்.

அமீர் அலியைக் காலி செய்யச் சொல்லவும் முடியாது. சொன்னால் உன் மைனி என்னைக் காலி செய்துவிடுவாள். இங்கே ஜமாத்தில் பேசி, வசூல் செய்து அனுப்புகிறேன். கொஞ்சம் பொறு.

காக்கா,
பர்கத்துல்லா


ரங்கூன்,
9.3.2009

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெயில் காலம் வந்துவிட்டது. வழக்கம்போல ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் தண்ணீர்ப் பைகளும், எரியும் கூரையை இழுத்துப்போடும் கொக்கியும் தொங்கவிடச் சொல்லி உத்தரவு. நாமும் தொங்கவிட்டிருக்கிறோம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

சென்ற வாரம் மணியடித்து, நெருப்பு என்று சொல்லிப் பிள்ளைகளை இறக்கிப் பார்த்தேன். எல்லோரும் அந்த ஒரே படியில் முட்டி மோதினார்கள். தஸ்லீமா என்ற சின்னப் பிள்ளை விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. தன் மகளைக் கூட்டிப்போக வந்த டாலா வேலம்மா கேட்டாள்: "சும்மா எறங்குறதுக்கே கை போச்சே சயாமா டீச்சர், நெசமாவே பத்திக்கிச்சுன்னா என்னா செய்வீங்க?"

பயமாக இருக்கிறது, காக்கா. பாடம் நடத்தும்போதும் மூக்கு கீழ்க்கடையையே மோந்துகொண்டிருக்கிறது. வசூல் என்னாயிற்று?

ஃபக்ருன்னிசா


கீழக்கரை,
2.5.2009

அன்புத் தங்கச்சிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், வசூல் அமோகம். ஒரே ஒரு சங்கடம். கொடுத்தவர்கள் எல்லோரும் தங்கள் பெயர் எங்கே வரும் என்று கேட்டார்கள். பின்பக்கப் படிக்கட்டில் என்றேன். "அங்க போயி யாரு பாக்கப் போறா?" என்று முகம் சுளித்தார்கள்.

அதனால் கட்டட முகப்பில் பதிக்க, வாப்பா பெயரை மேலே போட்டு, அவர்கள் பெயர்களைக் கீழே வரிசையாகப் போட்டு, ஆள் உயரத்துக்கு வெள்ளைச் சலவைக்கல் செய்திருக்கிறோம். எழுத்தெல்லாம் தங்க முலாம். அதற்கும் கப்பல் கூலிக்கும் பணம் சரியாகப் போய்விட்டது. படிக்கட்டை ரமலான் வசூலில் பார்த்துக்கொள்ளலாம். கல்லைப் பதமாக இறக்கு, கீறல் விழக்கூடாது.

காக்கா


ரங்கூன்,
28.6.2009

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கல் கீறலில்லாமல் வந்து சேர்ந்தது. முகப்பில் பதித்தாயிற்று. பெயிண்ட் வாங்க வருகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள்.

மாடியில் இப்போது பிள்ளைகள் இல்லை. பக்கத்துத் தெருவில் பழைய அரிசிக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, என் பெயரில் பள்ளிக்கூடம் பதிந்துவிட்டேன். ஜூனில் அங்கேதான் திறந்தோம். அரசாங்கப் பணத்தில் முன்னும் பின்னும் அகலமான வாசல் வைத்திருக்கிறோம். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். ஊ தெய்ன் குழுவில் உட்கார்ந்து, தேநீர் குடித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்.

நாளைக்கே அவர்கள் சாவியைக் கேட்டாலும் கேட்கலாம். நீங்கள் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்டால் கொடுத்துவிட்டு, வாப்பா மாதிரி நானும் அழுதுகொள்கிறேன். பள்ளிக்கூடம் போனால் அழுதுவிட்டுத் தேறலாம். பிள்ளைகள் போனால் தேற முடியாது, காக்கா.

வாப்பாவின் பெயரை இங்கே எழுதவில்லை. அது உங்கள் கட்டடத்தோடு இருக்கட்டும். மாடியைப் பூட்டி அமீர் அலியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

வாப்பா மௌத்தானதற்குப் பிறகு உங்களைக் கேட்காமல் நான் எதுவும் செய்ததில்லை. இதையும் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். உங்கள் சொல்லைத் தட்ட மனம் வராமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மாடிக்கே மறுபடியும் ஏறியிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

வஸ்ஸலாம்,
ஃபக்ருன்னிசா