பாதியில் நின்ற ஒப்பாரி

என் ஆசை மதினி,

நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. போன வியாழக்கிழமை தேனியில், ஒரு அரசு ஆபீசில் உனக்கு ஒப்பாரி பாடினேன். சொன்னால் நீயே சிரிப்பாய்.

நாட்டுப்புறக் கலைஞர் அட்டை கேட்டுத்தான் போனேன். இந்த மூட்டு வலியோடு இனி ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பு ஏற முடியாது. அட்டை இருந்தால்தான் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாமாம். வந்த மேளக்காரர்கள், ஆட்டக்காரர்கள் எல்லாரும் மேடையில் எடுத்த படம் வைத்திருந்தார்கள். நாம் இருவரும் பாடியதெல்லாம் சாவு வீட்டில். அங்கே நம்மை யார் படம் எடுத்தார்கள்? படம் இல்லையென்றால் பாடிக் காட்டு என்றார் அதிகாரி.

யாருக்குப் பாட என்று கேட்டேன். ஆள் பெயர் இல்லாமல் ஒப்பாரி எப்படி எடுப்பது? மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்களுக்கு வேணாம்மா. வேற யாருக்காச்சும் பாடுங்க" என்றார் அந்த அதிகாரி.

வாயில் உன் பெயர்தான் வந்தது.

ஊர்ச் சாவுக்கெல்லாம் உன்னோடு சேர்ந்து பாடியவள், உன்னைக் கிடத்தியிருந்தபோது மட்டும் வாயடைத்து நின்றேன். அதைப் பேசாத வாய் இல்லை ஊரில். அன்றைக்கு வராத பாட்டு அட்டை என்றதும் வந்துவிட்டதே, பாவி எனக்கு! ஜீப்பில் சாக்கை விரித்து எனக்கு இடம் பிடிப்பாயே, அதில் தொடங்கினேன். என் அண்ணன் கையைப் பிடித்து நீ நம் வீட்டுக்குள் வந்த நாளுக்குப் போனபோது, போதும், அடுத்த ஆளைக் கூப்பிடு என்றார் அதிகாரி.

நிறுத்திவிட்டேன் மதினி. கையெழுத்துப் போடுகிற ஆள் அவர், பயந்துவிட்டேன். தகவல் பிறகு வரும் என்று அனுப்பிவிட்டார்கள்.

"எடுத்த ஒப்பாரியப் பாதியில விட்டா, போனவுக அந்த வாசல்லயே நிப்பாக" என்று நீதானே சொல்வாய்? அப்படியானால் நீ இப்போது எங்கே நிற்கிறாய்? அந்த ஆபீஸ் வாசலிலா? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்சுக்கு வருகிறேன். அந்த வாசலிலேயே நின்று மிச்சத்தைப் பாடி முடிப்பேன். யார் விரட்டினாலும் நிறுத்த மாட்டேன். கலாட்டா செய்தாள் என்று எழுதி அட்டையை மறுத்தால் மறுக்கட்டும்.

அதுவரை வெயிலில் நிற்காதே. ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது, அதன் நிழலில் இரு.

கூட்டிப் போக வருகிற
உன் நாத்தனா