நூற்றெட்டு சென்டிமீட்டர்

அக்கா,

அலமாரிக்குப் பின்னால் உன் மரஸ்கேல் கிடந்தது. சும்மா என் டேப்பை அதன் பக்கத்தில் வைத்தேன். உன் ஸ்கேலில் நூறு சென்டிமீட்டர் கோட்டுக்கு நேரே, டேப்பில் நூற்றுப் பன்னிரண்டு. களிமண் காய்ந்து, சூளையில் வெந்து சுருங்கும். அதனால் பொம்மைக்கு அச்சை அந்த அளவு பெரிதாகச் செய்பவர்களுக்கென்று கோடுகளை நீட்டிப் போட்ட ஸ்கேல் இது. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் நீ பத்து வருஷம் புழங்கியது இதைத்தான்.

எனக்கு ஏழு வயதான அந்தக் கோடை லீவில், சென்னைப் பக்கம் பார்க்குக்குப் போகுமுன் என்னைக் கதவோடு நிற்க வைத்து இதால்தான் அளந்தாய். ரோலர் கோஸ்டருக்கு நூற்றிருபது வேண்டும். "நூத்தியெட்டுதான்டா குள்ளா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாய். அங்கே அளவுப் பலகை பக்கமே நான் போகவில்லை.

பதிலுக்குச் சுற்றும் டீ கப்பில் உட்கார வைத்தாய். கப்பை விரலால் தட்டி, "பைபருடா. நம்ம கம்பெனில செஞ்சிருந்தா இத வேக வெக்க சூளைக்கு எங்க போறது?" என்று நீயே சிரித்தாய். "உன்னோட வந்ததே வேஸ்ட்டு" என்றேன். திரும்பும் பஸ்ஸில் முறுக்கு நீட்டினாய். வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது கணக்குப் போட்டால் அன்று நான் நூற்றிருபத்தொன்று. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவிடம் போய், "தப்பான ஸ்கேலுல அளந்திருக்கா. அவளுக்கே தெரியாதா?" என்றேன்.

அம்மா அரிசி களைந்தபடி சொன்னாள்: "தெரிஞ்சேதான் அளந்தா. அவளுக்கு ஒசரம்னாலே கை கால் ஒதறும். ஒன்னத் தனியா ஏத்திவுட மனசு வரல. அவங்கிட்ட சொல்லிடாதம்மான்னு கெஞ்சுனா."

டிப்ளமோ படித்தவன், அளவில் பிழை என்றால் பிழை என்றுதான் சொல்வேன். இதை என்னவென்று சொல்வது எனத் தெரியவில்லை. நீ போய் இரண்டு வருஷம். அந்த 'வேஸ்ட்டு' என்ற சொல்லை இனித் திரும்ப வாங்க வழியில்லை.

இந்த லீவுக்கு உன் மகளும் அதே பார்க்கைக் கேட்கிறாள். நாம் ஏறாத கோஸ்டரைக் கழற்றிவிட்டார்களாம். அதைவிட உயரமாக ஒன்று நிற்கிறதாம். டீ கப் மட்டும் புதுப் பெயிண்டோடு இன்னும் ஓடுகிறது. அவளே போய்க் கதவோடு நின்றாள்.

"சரியா அளக்கணும் மாமா, ஏமாத்தக் கூடாது."

என் டேப்பில் நூற்றிருபத்து மூன்று. குறைத்துச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நாக்கு நுனி வரை வந்தது, அக்கா.

"ஏறலாம்" என்றேன்.

"நீயும் வரியா?"

எனக்கும் உயரம் ஆகாது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"வரேன்."

சனிக்கிழமை போகிறோம். உன் பயம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதையும் கூட்டிக்கொண்டுதான் அவள் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.